தகடு வைத்து அடைக்கும் வைத்தியம்

சேலம், நாமக்கல் மாவட்டங்களிலுள்ள லாரிப் பட்டறைகளுக்குள் நுழைந்து, ஸ்பேனர்களும் பழைய பெல்ட்டுகளும் தொங்கும் சுவரைச் சற்று நின்று பார்க்கிறவர்கள், அவற்றின் நடுவே ஓர் ஆணியில் கோத்து மாட்டியிருக்கும் சிறு இரும்புத் தகடுகளைக் காண நேரலாம். உள்ளங்கை அகலமும் மூன்று மில்லிமீட்டர் கனமும் உள்ள அந்தத் தகட்டில் போல்ட்டு நுழைவதற்கான துளைகள் உண்டு. நடுவில் இருக்கவேண்டிய பெரிய துளை மட்டும் இராது. பட்டறைப் பேச்சில் அதற்கு டம்மி பிளேட் என்று பெயர். லாரி எஞ்சினில் ஈ.ஜி.ஆர். வால்வு என்று ஒன்று இருக்கிறதே, அது தகராறு செய்யும்போது அதன் வாயில் இந்தத் தகட்டை வைத்து போல்ட்டை முடுக்கிவிட்டால் விஷயம் தீர்ந்தது என்பது நெடுஞ்சாலையெங்கும் பரவியிருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கை தவறானது. ஆனால் அதைக் கொண்டிருக்கும் டிரைவரையோ மெக்கானிக்கையோ குற்றவாளியாக நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. இந்த இரண்டு அபிப்பிராயங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வால்வு செய்கிற காரியம் இன்னதென்று பார்ப்போம். நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்காக இருக்கும் நைட்ரஜன், சாதாரண நிலையில் எதனோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கிற சாதுவான வாயு. ஆனால் டீசல் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருள் பற்றி எரிகிற அந்தக் கணத்தில் உண்டாகும் கடும் வெப்பத்தில், அதே நைட்ரஜன் பிராணவாயுவோடு கூடி, நுரையீரலை அரிக்கவும் வெயிலில் ஓசோனை விளைவிக்கவும் வல்ல நச்சு ஆக்ஸைடுகளாக மாறிவிடுகிறது. வெப்பத்தின் உச்சத்தைச் சிறிது தணித்தால் இந்தச் சேர்க்கை வெகுவாகக் குறையும். அதற்குக் கண்ட உபாயம்தான் எரிந்து முடிந்த புகையில் ஒரு பங்கைத் திருப்பிக் கொண்டுவந்து, ரேடியேட்டர் தண்ணீர் ஓடும் ஒரு கூலரில் ஆறவைத்து, எஞ்சின் உள்ளிழுக்கும் புதுக் காற்றோடு கலந்துவிடுவது. ஏற்கெனவே எரிந்துபோன அந்தப் புகையில் கரியமில வாயுவும் நீராவியும் மிகுந்து, பிராணவாயு குறைந்திருப்பதால், அது வெப்பத்தை வாங்கிக்கொண்டு தீயின் மூர்க்கத்தை அடக்குகிறது. எவ்வளவு புகை எப்போது திரும்பவேண்டும் என்பதை எஞ்சினின் கணினி தீர்மானிக்க, அந்தத் தீர்மானத்துக்கேற்பத் திறந்து மூடும் கதவுதான் ஈ.ஜி.ஆர். வால்வு.

இது நேற்று முளைத்த விஷயமன்று. அமெரிக்காவில் பெட்ரோல் கார்களில் 1970களின் தொடக்கத்திலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. கனரக டீசல் எஞ்சின்களுக்கு அது வந்து சேர்ந்த கதை சற்றுக் கசப்பானது. சோதனைக் கூடத்தில் ஒரு விதமாகவும் நெடுஞ்சாலையில் வேறு விதமாகவும் நடந்துகொள்ளும்படி எஞ்சின் கணினிகளை அமைத்திருந்தார்கள் என்ற குற்றச்சாட்டின்பேரில், 1998ஆம் ஆண்டில் ஏழு எஞ்சின் நிறுவனங்கள் அந்நாட்டு அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ள நேர்ந்தது. 2004இல் வரவேண்டிய மாசு வரம்பை 2002 அக்டோபரிலேயே எட்டவேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை இருந்ததால், குளிர்வித்த புகையைத் திருப்பிவிடும் முறை அங்கே லாரிகளில் அவசர அவசரமாக இடம் பிடித்தது. நம் தேசத்தில் 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4 மாசு விதி வந்தபோது, லாரி உற்பத்தியாளர்களில் சிலர் இந்த வால்வு வழியையும், சிலர் புகைக்குழாயில் யூரியாக் கரைசலைத் தெளிக்கும் வழியையும் தேர்ந்தார்கள். 2020 ஏப்ரலில் ஸ்டேஜ் 6 வந்ததும் நைட்ரஜன் ஆக்ஸைடின் வரம்பு ஒரு கிலோவாட்-மணிக்கு 3.5 கிராம் என்பதிலிருந்து 0.46 கிராமாகச் சுருங்கியதால், இரண்டு வழிகளையும் ஒரே வண்டியில் சேர்த்துக்கொள்வது பலரின் வழக்கமாயிற்று. டீசலிலுள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 350 பங்கிலிருந்து 50க்கும், அதிலிருந்து 10க்கும் இறங்கியதும் இதோடு சேர்ந்து நடந்த மாறுதலே. கந்தகம் மிகுந்த டீசலின் புகையை ஆறவைத்தால் அது அமிலமாகி கூலரைத் தின்றுவிடும்.

ஆக, வால்வு இருக்கும் இடம் எத்தகையது என்பதை யோசித்துப் பார்க்கவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து கரித்தூளைச் சுமந்துகொண்டு சூடான புகை வருகிறது. மறு பக்கத்தில் எஞ்சினின் ஆயில் அறையிலிருந்து வரும் மெல்லிய எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து நிற்கிறது. கரியும் எண்ணெயும் சேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சமையலறைச் சுவரைத் துடைத்துப் பழகியவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறி, லோடு இழுத்து, வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் இந்தப் பிசுக்கு அவ்வளவாகப் படிவதில்லை; குறைந்த சூட்டில், வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சின் மணிக்கணக்கில் ஓடும்போதுதான் அது தடித்து வளர்கிறது. சரக்கு ஏற்றும் இடத்தில் வரிசையில் காத்து நிற்பது நம் லாரிக்காரர்களின் வாழ்க்கையில் பாதி. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் லாரிகளில் டிரைவர் அறைக்குக் குளிர்சாதனம் கட்டாயம் என்ற ஆணையை, சித்திரை வெயிலில் அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் நான் மனமார வரவேற்கிறேன்; ஆனால் அந்தக் குளிர்ச்சிக்காக எஞ்சின் நின்ற இடத்தில் இன்னும் அதிக நேரம் ஓடும் என்பதையும், அதன் பலன் இந்த வால்வின் தலையில்தான் விடியும் என்பதையும் உற்பத்தியாளர்கள் முன்கூட்டியே கணக்கில் கொள்ளவேண்டும்.

என் மைத்துனருக்கு இரண்டு லாரிகள் உண்டு. அவற்றில் ஒன்று ஸ்டேஜ் 4 காலத்துப் பன்னிரண்டு சக்கர வண்டி. சென்ற ஆவணியில் சிமெண்டு மூட்டை ஏற்றிக்கொண்டு வடக்கே போன அந்த வண்டி, தொப்பூர்க் கணவாய் ஏற்றத்தில் இழுவை இழந்து, பின்னால் வந்த வாகனங்களெல்லாம் ஹாரன் அடிக்க, ஓரம் கட்டி நின்றது. அதற்கு மூன்று மாதத்துக்கு முன்புதான் புது வால்வு போட்டிருந்தார்கள். அதற்கும் முன்பு ஒரு தடவை கழற்றிக் கழுவியிருந்தார்கள். இந்த முறை போன இரண்டு பட்டறைகளிலும் ஒரே வார்த்தை: தகட்டைப் போட்டுவிடலாம். மைத்துனர் ஏறக்குறைய சம்மதித்துவிட்ட நிலையில், சங்ககிரிக்கு வெளியே தகரக் கொட்டகை போட்டுத் தனியாகத் தொழில் செய்யும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனோம். டிரைவர் இளைஞர், வண்டியின் குறையைத் தம் உடம்பின் குறைபோலச் சொன்னார்.

"மேடு கண்டாலே முக்குதுங்ணா. பின்னால ஒரே கரும்புகை, கண்ணாடியில ரோடே தெரியறதில்லீங்."

"வால்வ மாத்தி எத்தன நாளாச்சு தம்பி?"

"மூணு மாசமாச்சுங்ணா. அதுக்கு முன்னால ஒருக்கா கழட்டிக் கழுவுனமுங்."

"மூணே மாசத்துல புது வால்வு அடைச்சுக்கிட்டா, கரி எங்கிருந்தோ வருதுன்னு அர்த்தம். வால்வத் தொட வேண்டாம். மொதல்ல காத்து எங்க போகுதுன்னு பாக்கலாம்."

இந்தச் சில வார்த்தைகளில், பழுது பார்க்கும் சாஸ்திரத்தின் ஆதாரமே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது. ஸ்கேனரில் அந்த வண்டி காட்டிய எண் பி0401. புகையின் ஓட்டம் போதவில்லை என்பது அதன் பொருள். அந்த எண்ணைப் பார்த்தவர்களெல்லாம் வால்வு கெட்டுவிட்டது என்று படித்தார்கள். ஆனால் எண் சொல்வது அதுவன்று. கணினி தனக்குக் கிடைத்த சில அளவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிறது. கணக்கில் திரும்பவேண்டிய புகை திரும்பியதாகத் தெரியவில்லை. அதை மட்டுமே அது சொல்கிறது. வால்வு கரியால் அடைத்திருக்கலாம். வால்வு சுத்தமாக இருந்து கூலர் அடைத்திருக்கலாம். காற்றை அளக்கும் சென்சார் தூசியால் தவறாக அளந்திருக்கலாம். டர்போவிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று கசிந்திருக்கலாம். சில கனரக வண்டிகளில் இந்த எண் வேறு மாதிரி வரும், எஸ்.பி.என். 27 என்றால் வால்வு நிற்கும் நிலை, எஸ்.பி.என். 2659 என்றால் திரும்பும் புகையின் அளவு. அதன் பக்கத்திலேயே எப்.எம்.ஐ. என்ற ஒரு சிறு எண்ணும் வரும். அது 5 ஆனால் கம்பி அறுந்திருக்கலாம் என்றும், 3 அல்லது 4 ஆனால் மின்னழுத்தம் கூடவோ குறையவோ உள்ளது என்றும், 7 ஆனால் உறுப்பே அசைய மறுக்கிறது என்றும் அறிந்துகொள்ளலாம். பெரிய எண்ணை மட்டும் படித்துவிட்டுச் சிறிய எண்ணைப் படிக்காதவர், நோயாளி சொன்னதில் பாதியைக் கேட்டுவிட்டு எழுந்து போகிற வைத்தியருக்குச் சமானம்.

அந்த மெக்கானிக் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன். டர்போவுக்குக் காற்று நுழையும் வாயில் கச்சிதமாகப் பொருந்தும்படி தாமே கடைந்து வைத்திருந்த ஒரு கட்டையை எடுத்தார். அதன் நடுவில் ஒரு டியூப் வால்வு பொருத்தியிருந்தது. கட்டையை வைத்துக் கிளாம்பு போட்டு, கம்ப்ரஸரிலிருந்து ஒரு கிலோ அழுத்தத்துக்குக் காற்று ஏற்றினார். பிறகு ஒரு மக்கில் சோப்புத் தண்ணீர் கலக்கி, பெயின்ட் அடிக்கிற பழைய பிரஷ்ஷால் ஒவ்வொரு ஹோஸின் மேலும் நிதானமாகத் தடவிக்கொண்டே போனார். டர்போவின் பக்கம் ஒன்றும் இல்லை. டர்போவின் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலரின் இந்தப் பக்கமும் இல்லை. இன்டர்கூலரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்பை ஒட்டிய இடத்தில், பிரஷ் பட்டதும் நுரை பொங்கிக் கையளவு வளர்ந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார். வெளியிலிருந்து ஒரு கீறலும் தெரியவில்லை. கழற்றி வளைத்தபோதுதான் ஒரு விரற்கடை நீளத்துக்கு வாய் பிளந்தது. அதன் ஓரமெல்லாம் எண்ணெய் ஈரம் கறுத்திருந்தது.

டர்போ அழுத்தித் தள்ளும் காற்றில் ஒரு பங்கு அந்தப் பிளவின் வழியாக வெளியேற, உள்ளே வராத காற்றையும் வந்ததாகக் கணக்கிட்ட கணினி அதற்குத் தக்கபடி டீசலை ஊற்ற, காற்றுப் போதாமல் அரைகுறையாக எரிந்த டீசல் கரியாக மாற, அந்தக் கரி திரும்பிவந்து புது வால்வை மூன்றே மாதத்தில் அடைத்துவிட்டது. கடைசியில் வால்வையும் கழற்றினார். அடுப்புக்கரியையும் தாரையும் சேர்த்துப் பிசைந்து அப்பியதுபோல இருந்தது அதன் வாய். ஓர் எலுமிச்சம்பழம் தாராளமாக நுழையக்கூடிய வழியில் அப்போது ஒரு சுண்டுவிரல்கூடச் சிரமப்பட்டுத்தான் நுழைந்தது. மின்சார மோட்டார் உள்ள பகுதியில் ஈரம் படாமல் அதை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, கிளீனர் தெளித்து, ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்தார். கதவை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறக்கப்போன உதவிப் பையனின் கையைப் பிடித்து நிறுத்தினார். மோட்டாரையும் கதவையும் இணைக்கும் சிறு பல்சக்கரம் முறிந்தால் பிறகு வால்வு முழுவதையுமே மாற்றவேண்டி வருமாம். புது கேஸ்கெட்டோடு பொருத்தினார். ஹோஸின் விலை, மூன்று மாதத்துக்கு முன் அநாவசியமாக மாற்றிய வால்வின் விலையில் ஒரு சிறு பின்னமே.

எல்லா வண்டியிலும் ஹோஸ்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வால்வு திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் எஞ்சின் ஐடிலில் குலுங்கும், கரும்புகை வரும், பிக்-அப் இருக்காது. டிரைவர் உடனே உணர்ந்துவிடுவார். மூடிய நிலையிலேயே சிக்கிக்கொண்டால் நிலைமை நேர்மாறு. வண்டி நன்றாகவே ஓடுவதுபோலத் தோன்றும், செக் லைட் மட்டும் எரியும், ஸ்டேஜ் 6 வண்டியானால் யூரியாவின் செலவு சத்தமில்லாமல் ஏறும். அடைப்பே இல்லாமல் மின்சாரக் கோளாறாக இருக்கும் வண்டிகளும் ஏராளம். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபின் கனெக்டருக்குள் ஈரம் தங்கிப் பச்சை பிடித்திருக்கும். வால்வை விலை கொடுத்து வாங்குவதற்கு முன், கனெக்டரைக் கழற்றி, சென்சாருக்குப் போகும் 5 வோல்ட்டு வருகிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செலவிடாமல் பல்லாயிரம் ரூபாய் செலவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இவையெல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கவலை தருவது கூலரின் நோய். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்தாலும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தாலும், கூலன்ட் டப்பாவில் குமிழி விட்டாலும், கூலரின் உட்சுவர் வெடித்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். கவனிக்காமல் விட்டால் அந்தத் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கித் தேங்கி, ஸ்டார்ட் செய்யும் கணத்தில் கனெக்டிங் ராடையே வளைத்துவிடக்கூடும். இந்த நோய்க்கு நம் பிரதேசத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு. போகிற வழியில் ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ போர்த் தண்ணீரை ஒரு குடம் ஊற்றிக்கொண்டு போவது நம் சாலை வழக்கம். பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அந்தக் கடின நீர், கூலரின் மெல்லிய குழாய்களிலும் அப்படியே உப்புப் படிய, படிந்த இடத்தில் சூடு தணியாமல் உலோகம் விரிந்து சுருங்கி வெடிக்கிறது. இத்தகைய வண்டியில் தகட்டை வைத்து வால்வை அடைத்தால், புகையின் வழி அடைபடுமே தவிர, வெடித்த கூலர் வெடித்தபடியே இருந்து தண்ணீரை எஞ்சினுக்குள் விட்டுக்கொண்டிருக்கும்.

தகடு போடுகிறவர்களின் தரப்பில் உள்ள நியாயத்தையும் மறைக்கக் கூடாது. கணினியின் கண்காணிப்பு அதிகமில்லாத பழைய வண்டிகளில் தகடு போட்டபின் கரும்புகை குறைந்ததும், ஆயில் சீக்கிரம் கறுக்காமல் இருந்ததும் பிரத்தியட்ச அனுபவம். அந்த அனுபவமே நம்பிக்கையாக வேரூன்றியிருக்கிறது. கரும்புகை குறைவதற்குக் காரணமும் உண்டு. திரும்பிவரும் புகை தீயைத் தணிக்கும்போது நைட்ரஜன் ஆக்ஸைடு குறைகிறது, ஆனால் கரி சற்றுக் கூடுகிறது. வழியை அடைத்தால் கரி குறைந்து, கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு பெருகுகிறது. இங்கேதான் நம் அரசாங்கத்தின் பங்கு வருகிறது. டீசல் வண்டிகளுக்கு நாம் நடத்தும் புகைச் சோதனை புகையின் கருமையை மட்டுமே அளக்கிறது; நைட்ரஜன் ஆக்ஸைடை அது அளப்பதே இல்லை. ஆகவே தகடு போட்ட வண்டி அந்தச் சோதனையில் தோற்காதது மட்டுமன்று, தகடு போடாத வண்டியைவிடச் சுலபமாகவே தேறிவிடும். காற்று மாசு விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் உண்டு என்று 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கூறுகிறது. அந்த மீறுதலைக் காணும் கண்ணையோ சோதனைச் சாலைக்கு நாம் இன்னும் கொடுக்கவில்லை. குற்றத்துக்குச் சான்றிதழ் வழங்கிவிட்டு, பிறகு குற்றவாளியைத் தேடுவது நியாயமாகுமா?

புதிய வண்டிகளிலோ தகடு ஒன்றுக்கும் உதவாது. புகை திரும்பவில்லை என்பதைக் கணினி கண்டுகொள்ளும். முதலில் எஞ்சினின் சக்தியைக் குறைக்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகவிடாமல் கட்டிப்போடும். இதிலிருந்து தப்புவதற்காகக் கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதித் தருகிறோம் என்று லேப்டாப்போடு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வண்டியை ஒப்படைப்பது, எஞ்சினின் நரம்பு மண்டலத்தையே முன்பின் தெரியாதவர் கையில் கொடுப்பதாகும். டீசல் எந்தக் கணத்தில் எவ்வளவு பீய்ச்சவேண்டும் என்பதெல்லாம் திரும்பிவரும் புகையையும் கணக்கில் வைத்து வகுக்கப்பட்டது. அந்தப் புகையை நிறுத்திவிட்டு மற்றதை அப்படியே விட்டால், எரியும் சூடு ஏறும். பின்னால் இருக்கும் யூரியா ஏற்பாட்டின்மேல் அதன் சக்திக்கு மீறிய சுமை விழும். செக் லைட்டை எரியாமல் செய்துவிட்டாலோ, அல்லது அது எப்போதும் எரியட்டும் என்று விட்டுவிட்டாலோ, நாளை உண்மையான ஆபத்து ஒன்று வரும்போது எச்சரிக்க எதுவும் மிஞ்சியிராது. இது பொதுநலத்தைக் கருதிச் சொல்வது மட்டுமன்று, உரிமையாளரின் பணப்பையைக் கருதியும் சொல்வது.

இருந்தும் ஏன் இதைச் செய்கிறார்கள்? மாதம் பிறந்தால் தவணை கட்டவேண்டும். லோடு சொன்ன நாளில் சேரவேண்டும். வண்டி பழுதாகி நின்றால் வாடகை நின்றது. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற சேவை நிலையத்துக்குப் போனால் வரிசை நீளம். தனிப் பட்டறைக்குப் போனால், நாற்பது வருஷம் எஞ்சினோடு பழகிய கைக்கு, அந்த எஞ்சினின் கணினி பேசும் பாஷை மறுக்கப்பட்டிருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் முழு ஸ்கேனரும், ஒவ்வொரு எண்ணுக்கும் செய்யவேண்டிய பரிசோதனையின் படிகளும், வயரிங் படமும் அவரை எட்டுவதில்லை. தெரிந்துகொள்ளும் வழி அடைபட்டவன், தெரிந்த ஒரே வழியான தகட்டைக் கையில் எடுக்கிறான். வால்வில் வைத்த அடைப்பை நாம் கண்டிக்கிறோம். ஞானத்தின் வழியில் வைத்த அடைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த இரண்டாவது அடைப்பை நீக்க இந்த நாட்டில் ஆதாரமே இல்லையென்று சொல்லமுடியாது. உதிரி பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தொழில்நுட்பக் கையேடுகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீடுகளுக்குப் போனாலும் கோட்பாடு பதிவாகிவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்து, மோட்டார் வாகனத் துறையையும் அதன் வரம்புக்குள் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. ஆனால் சங்ககிரியின் தகரக் கொட்டகை வரை அதன் வெளிச்சம் வந்து சேர்ந்ததாக நான் காணவில்லை. லாரி விற்கும் ஒவ்வொரு நிறுவனமும், தன் எஞ்சின் காட்டும் எண்களின் பொருளையும், அவற்றைச் சோதிக்கும் முறையையும் தமிழிலும் மற்ற மாநில மொழிகளிலும் வெளியிடவேண்டும் என்பதை விற்பனைக்கான நிபந்தனையாகவே சட்டம் விதிக்கவேண்டும். எஞ்சினைத் தமிழில் கழற்றிப் பூட்டுகிறவர்களிடம் அதன் நோயை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது எந்த விதத்தில் நியாயம்? தொழிற்பயிற்சி நிலையங்களில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஸ்பேனரோடு ஸ்கேனரும் கையில் வரவேண்டும். புகைச் சோதனையில் நைட்ரஜன் ஆக்ஸைடையும் அளக்கவேண்டும். இவற்றைச் செய்தபின் தகடு போடுகிறவருக்கு அபராதம் விதித்தால், அதை ஆதரித்து எழுதும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

அன்று மாலை, வண்டியைப் பூட்டி முடித்து, டிரைவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கப் போயிருந்த நேரத்தில், அந்த மெக்கானிக் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டை எடுத்து வந்தார். பக்கத்துக்குப் பக்கம் பிழை எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில், பென்சிலால், எந்த வண்டியில் வந்தது, என்ன செய்து தீர்ந்தது என்ற குறிப்பு. சில குறிப்புகள் அடித்துத் திருத்தப்பட்டிருந்தன. யாரோ போனில் படம் பிடித்து அனுப்பிய ஒரு கையேட்டுப் பக்கத்தை அவர் காட்டினார்; மங்கலாக, பாதி கோணலாக இருந்தது. "இந்த ஒரு வரிக்கு மட்டும் அர்த்தம் சொல்லுங்க. ரொம்ப நாளா யாரையாவது கேக்கணும்னு இருந்தேன்" என்றார். புது வால்வு பொருத்தியபின், அதன் மூடிய நிலை எது என்பதைக் கணினிக்கு ஸ்கேனர் மூலம் புதிதாகக் கற்பித்தாகவேண்டும். கற்பிக்காவிட்டால் வால்வு நல்லதாக இருந்தாலும் பிழை எண் மறுபடியும் வரும் என்பது அந்த வரி. படித்துச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பென்சிலை நிறுத்தினார்.

"அப்ப போன வருஷம் புது வால்வே பழுதுன்னு சொல்லி மூணு திருப்பி அனுப்புனேன். மூணும் நல்ல வால்வுதானுங்க" என்றார்.